என் கோப்பில் உள்ள தாள்களுக்கு உரியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பவானி,
ஜூன் 2025.

அன்பும் மதிப்பும் மிக்க பெரியோர்களுக்கும், அக்கா அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

பெருந்துறைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் முதலாம் ஆண்டை முடித்து, இரண்டாம் ஆண்டுக் கட்டணமும் வங்கியிலிருந்து கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட நிலையில் இம்மடலை எழுதுகிறேன். உதவியவர்களுக்கெல்லாம் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டதாகத்தான் எண்ணியிருந்தேன். கடந்த வாரம் என் விண்ணப்பக் கோப்பை எடுத்து அடுக்கியபோது, அதிலுள்ள ஒவ்வொரு தாளையும் யாரோ ஒருவர் தம் வேலையை விட்டுவிட்டு வந்து வாங்கித் தந்திருப்பதும், அவர்களுள் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமலேயே இருப்பதும் புலப்பட்டது. எனவே பொதுவில் எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று இருவர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் என் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை அவர்களுக்கு. நான் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தது அரசு உதவிபெறும் பள்ளியில். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் வழங்கப்படும் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும், அதில் சேருவோருக்கு அரசே ஏற்றுக்கொள்ளும் கட்டணங்களும் எங்களுக்குப் பொருந்தாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அரசாங்கமே எல்லாவற்றையும் கட்டிவிடும் என்று அப்பா தறிப்பட்டறையில் சொல்லிக்கொண்டிருந்தார். 2024 மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்த கையோடு ஆசிரியை என்னை அழைத்து, மதிப்பெண் வந்த பிறகு ஊரே இ-சேவை மையத்தில் நிற்கும், நீ இப்போதே போ என்று சொல்லி, ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், என் பெயரில் வங்கிக் கணக்கு, ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் என்று ஐந்து வரிகள். ஐந்தாவது வரிக்குக் கீழே இரண்டு கோடுகள் போட்டிருந்தார். ஏன் என்பது மறுநாளே விளங்கியது.

என் ஆதாரில் இருந்த எண், அப்பா எப்போதோ கைவிட்ட பழைய எண். ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) அந்த எண்ணுக்குத்தான் போகும். அது இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது. அஞ்சலகத்தில் 50 ரூபாய் கட்டி எண்ணை மாற்றிய பிறகே இ-சேவை மையத்து அக்காவால் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்க வேண்டிய குடிமக்கள் கணக்கு எண்ணை எனக்கு உருவாக்க முடிந்தது. சான்றிதழ் ஒன்றுக்கு 60 ரூபாய்தான் கட்டணம் என்பதையும், அதற்கு மேல் கேட்பவர்களிடம் கொடுக்கக் கூடாது என்பதையும் முதல் நாளே சொன்னவர் அவர். முதல் பட்டதாரிச் சான்றிதழை மூன்றே நாளில் முடித்துத் தருவதாக 1,500 ரூபாய் கேட்ட ஒரு தரகரிடம் அப்பா ஏறக்குறையச் சம்மதித்துவிட்டிருந்தார்.

அந்தச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவருக்குக் கலந்தாய்வு வழிச் சேர்க்கையில் கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. அந்தப் படிவத்தில் தந்தை வழிப் பாட்டன் பாட்டி, தாய் வழிப் பாட்டன் பாட்டி, தாய், தந்தை, உடன்பிறந்தோர் என ஒவ்வொருவரின் படிப்பையும் எழுத வேண்டும். அப்பாருக்கும் ஆத்தாவுக்கும் அப்பிச்சிக்கும் அம்மிச்சிக்கும் நேராக நான்கு முறை "படிக்கவில்லை" என்று எழுதினேன். அப்பாவுக்கு ஐந்தாம் வகுப்பு, அம்மாவுக்கு எட்டாம் வகுப்பு. நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19 அன்று என்பதால் கிராம நிர்வாக அலுவலர் முதல் வட்டாட்சியர் அலுவலகம் வரை எல்லோரும் அந்த வேலையில் மூழ்கியிருந்தார்கள். மே மாதம் பிறந்த பிறகே என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. நிராகரிக்கப்பட்டிருந்தது.

காரணம் எங்கள் அத்தை. மாமா இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கிய அவர், அஞ்சல்வழியில் பி.காம். முடித்தவர். குடும்ப அட்டையில் அவர் பெயரும் இருந்ததால், வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி உண்டு என்று யாரோ கருதிவிட்டார்கள். அத்தை அன்று சோறு தின்னவில்லை. மறுநாள் காலையில் தம் பெயரை அட்டையிலிருந்து நீக்குவதற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். என் படிவங்கள் அனைத்தையும் பிழையில்லாமல் நிரப்பித் தந்ததும் அவர்தான்.

அத்தை எழுதிய அந்த நீக்கல் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர் ஐயா. "படிவத்துல அத்தைக்குக் கட்டமே இல்லியே அம்மிணி, அப்புறம் எதுக்கு அவிய பேர எடுக்கறீங்க?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கும் அது உறைத்தது. பாட்டன் பாட்டியும் பெற்றோரும் உடன்பிறந்தோரும்தாம் கணக்கில் வருவார்கள். தந்தையின் தங்கை வரமாட்டார். ஐயா இதை அரைப்பக்க மனுவாகத் தம் கையாலேயே எழுதி, மூட்டு வலியோடு என்னுடன் பேருந்தில் வந்து, மண்டலத் துணை வட்டாட்சியரைப் பார்க்கும்வரை இரண்டு மணி நேரம் நடைக்கூடத்தில் நின்றார். துணை வட்டாட்சியரும் மனுவைப் படித்துவிட்டு, தவறு தங்கள் பக்கம் என்று நேரடியாகவே சொல்லி, மீண்டும் விண்ணப்பிக்கச் சொன்னார். ஓர் அலுவலர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அவருக்கும், இரண்டாம் விண்ணப்பத்தை இரண்டே நாளில் பரிந்துரைத்த கிராம நிர்வாக அலுவலருக்கும் என் நன்றி.

வருமானச் சான்றிதழுக்கு வேறொரு சங்கடம். அப்பாவுக்கு விசைத்தறியில் வாரக்கூலி. அம்மா ஜமக்காளத் தறியில் நெய்கிறார். சம்பளச் சீட்டு என்று ஒன்றை இருவருமே கண்ணால் கண்டதில்லை. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. துணிக்குச் சான்றிதழ் இருக்கிறது, அதை நெய்பவரின் கூலிக்குத்தான் ஒரு தாளும் இல்லை. அம்மா நெய்து கொடுக்கும் பட்டறைக்காரர் தம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஓராண்டுக் கூலியை மாதவாரியாக எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். கூலியைக் குறைத்துக் காட்டட்டுமா என்று அவர் கேட்கவுமில்லை, நாங்கள் கேட்கும்படி வைக்கவுமில்லை. உள்ளதே போதுமான அளவு குறைவாக இருந்தது.

கலந்தாய்வைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. மே 6 அன்று தேர்வு முடிவு வந்தது. சித்தோட்டில் அரசு பொறியியல் கல்லூரியில் இயங்கிய சேர்க்கை உதவி மையத்தில் இருந்த பேராசிரியர்கள் சான்றிதழ்களைப் பதிவேற்றவும், முதல் பட்டதாரிக்கான கூட்டு உறுதிமொழியை அப்பாவும் நானும் சேர்ந்து நிரப்பவும் உதவினார்கள். விருப்பப் பட்டியலைப் பேருந்து வசதியையும் பார்த்து வரிசைப்படுத்தச் சொன்ன அம்மையாருக்குத் தனி நன்றி. விடுதிக் கட்டணம் மிச்சமானது அவரால்தான்.

சலுகை போக மீதிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கல்விக் கடன் வேண்டியிருந்தது. வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகள் வரை அனுப்பலாம் என்பது தெரியாமல், வீட்டுக்கு அருகிலிருந்த ஒரே கிளைக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அங்கே காப்பீட்டுப் பத்திரமோ வைப்புத்தொகையோ ஈடாக வேண்டும் என்றார்கள். அப்பா ஏழு முறை போய் வந்தார். ஏழு நாள் கூலி போனது. நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குப் பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும், ஈடு தேவையில்லை என்பதை, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த கல்விக் கடன் முகாமில்தான் அறிந்தேன். மாவட்ட முன்னோடி வங்கியின் மேசையில் அமர்ந்திருந்தவர் என் தாள்களைப் பார்த்துவிட்டு, "எல்லாமே சரியா இருக்குதே, எதுக்கும்மா இத்தன நாள் அலைஞ்சீங்க?" என்று கேட்டு, வேறொரு கிளையின் மேலாளரிடம் எங்களை அழைத்துச் சென்றார்.

அந்த மேலாளருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. வாங்குகிற பணத்தை எப்போது திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், படிக்கும் காலத்து வட்டிக்கு மானியம் கிடைக்க ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பதற்கான சான்றை எப்போது தர வேண்டும் என்பதையெல்லாம் அப்பாவுக்கு எதிரே ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும் என்பதை அப்பா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். நான்கு ஆண்டுக்கான செலவுப் பட்டியலையும் படிப்புச் சான்றையும் கேட்ட அன்றே முத்திரையிட்டுத் தந்த கல்லூரிக் கணக்குப் பிரிவு அண்ணனையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

கடன் கைக்கு வர அக்டோபர் ஆகிவிட்டது. கட்டணத்துக்குக் கடைசி நாளோ ஆகஸ்டில். அந்த இடைவெளியை அடைத்தவர் அம்மாவோடு ஒரே தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நெய்யும் அக்கா. தம் மகன் திருமணத்துக்காகப் போட்டிருந்த சீட்டை இரண்டு மாதம் முன்னதாகவே, தள்ளுபடிக்கு ஏலம் கேட்டுத் தள்ளி எடுத்துக் கொடுத்தார். தள்ளி எடுத்ததில் அவருக்குக் கழிந்த தொகையை இன்றுவரை சொல்லவில்லை. அம்மா கேட்டதற்கு, "புள்ள படிக்கட்டுங்க்கா, கணக்கு எங்க ஓடிப்போகுது" என்று சொல்லி மறுபடி தறியில் இறங்கிவிட்டார். கல்லூரி ரசீதைக் காட்டியதால் முதல் தவணையை வங்கி அப்பாவின் கணக்கில் வைத்தது. அன்று மாலையே அசலைத் திருப்பிக் கொடுத்தோம்.

இறுதியாக, கல்லூரியில் உதவித்தொகைப் பொறுப்பு வகிக்கும் பேராசிரியைக்கு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் 2024-25 கல்வியாண்டில் விரிவாக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் எனக்கு முதல் இரண்டு மாதம் வரவில்லை. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்கே பணம் போகும் என்பதும், என் ஆதார் எட்டாம் வகுப்பில் தொடங்கி மறந்துபோன கணக்கோடு இணைந்திருந்தது என்பதும் அவர் தேடிக் கண்டுபிடித்தவை. இப்போது பேருந்துச் செலவு அந்தப் பணத்தில்தான் நடக்கிறது.

எங்கள் தெருவில் இவ்வாண்டு இரண்டு தங்கைகள் கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருக்கிறார்கள். என் கோப்பின் நகலை அத்தையிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். படிவம் நிரப்ப அவரிடமே வரலாம். வங்கி மேலாளர் ஐயாவுக்கு: தாங்கள் கேட்ட முதலாம் ஆண்டு மதிப்பெண் பட்டியலும் புதிய வருமானச் சான்றிதழும் ஆயத்தமாக உள்ளன, திங்கட்கிழமை அப்பாவை அலைக்கழிக்காமல் நானே கொண்டு வருகிறேன்.

தங்கள் அனைவருக்கும் கடமைப்பட்டுள்ள,
பவானி ஜமக்காளத் தறிவீட்டு மாணவி.