சத்திரப்பட்டி அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் நம்பரை நேற்று ராத்திரிதான் பிளாக்கிலிருந்து எடுத்தேன். எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டரை வருஷம் கழித்து "எப்படி இருக்கீங்க" என்று ஒரு வரி போட விரல் வரவில்லை. நீங்கள் என்னைப் பற்றிப் பேசியது நாலு பேர் நடுவில், அதனால் நானும் நாலு பேர் நடுவிலேயே எழுதுகிறேன். உங்கள் மருமகள் இதைப் பார்த்துவிட்டு உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள்.

போன வாரத்தோடு ஆபரேஷன் ஆகி 5 வருஷம் முடிந்தது. இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, யாரிடம் முதலில் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். வீட்டுக்காரருக்கு முன்னால், மகளுக்கு முன்னால், கை தானாக 'சத்திரப்பட்டி அக்கா' என்று தேடியது. அப்புறம்தான் பிளாக் செய்தது ஞாபகம் வந்தது. அந்த நிமிஷமே இந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். 2020 செப்டம்பரில் மார்பகப் புற்றுநோய்க்காக எனக்கு இடது பக்கம் முழுவதையும் எடுத்தார்கள். இதை நானாக வாயைத் திறந்து வெளியில் சொல்வது இதுதான் முதல் தடவை. டெய்லர் கடையில் நடந்தது, துணியைத் திருப்பிக் கொடுத்தது, அதற்கப்புறம் 7 மாசம் வீட்டிலேயே நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு திரிந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும் அக்கா, மறுபடி எழுதவில்லை.

எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். நான் தையல் குழுவில் சேர வந்தபோது அதில் 256 பேர் நிறைந்திருந்தார்கள், அப்போது வாட்ஸப்பில் அதற்கு மேல் ஆள் சேர்க்க முடியாது. நீங்கள் வீட்டு நம்பர், கடை நம்பர் இரண்டிலும் இருந்தீர்கள். கடை நம்பரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னைச் சேர்த்தீர்கள். ஒரு வருஷம் கழித்து, குழுவில் ஆவடி என்று கூப்பிடுவோமே, அவள்தான் எனக்குச் சொன்னாள். முன்னே பின்னே தெரியாத ஒருத்திக்கு இப்படி ஒதுங்கி இடம் கொடுக்கிற ஆள் என்று தெரிந்தபோது, எனக்குச் சொந்தத்தில் இப்படி யாரும் இல்லையே என்று அழுதேன்.

அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எல்லோரும் ஊர்தான். ஆவடி, பெரியகுளம், துபாய், மன்னார். மன்னார் தங்கச்சி "சட்டை தைக்கணும்" என்று கேட்டதற்கு நாங்கள் ஐந்து பேர் வரிசையாக ஆம்பளைச் சட்டைக்குக் காலர் அளவு சொல்லிக்கொடுத்து, கடைசியில் அவள் கேட்டது சேலை ஜாக்கெட் என்று தெரிந்து ராத்திரி 10 மணிக்குச் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். ரேடியேஷன் 25 நாள் முடிந்து தோல் கருத்துப்போய்க் கிடந்த காலம் அது. நான் சிரித்து அவர் பார்த்தே வெகு நாள் ஆகியிருந்தது. காலை வணக்கப் படம் போடக் கூடாது, சாமி படம் போடக் கூடாது, தைத்ததைப் போட்டால் உள்பக்கத்தையும் போட வேண்டும். இதுதானே உங்கள் சட்டம். "மேல்பக்கத்தை யாரும் அழகாக் காட்டிரலாம், திருப்பிப் போடும்மா" என்பீர்கள். நூல் தொங்கினாலும், பிரித்துத் தைத்த ஓட்டை தெரிந்தாலும் ஒருத்தரும் மட்டம் தட்டியதில்லை. எங்கே துணி இழுக்கிறது, மிஷினில் நூல் டென்ஷனை எவ்வளவு தளர்த்த வேண்டும், அவ்வளவுதான் பேச்சு.

அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

2021 மே, இரண்டாவது ஊரடங்கு. 11 மணி இருக்கும். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, ரவை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தேன். நீங்கள் உங்கள் கடைக்குள் கட்டிங் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள், கையில் நோட்டு. "முந்தானையை எடும்மா" என்றீர்கள். எனக்கு எடுக்க வரவில்லை. டாக்டர், நர்ஸ் தவிர யாரும் பார்த்ததில்லை, நான்கூடக் குளிக்கும்போது சுவரைப் பார்த்துத்தான் குளிப்பேன். நீங்கள் அவசரப்படுத்தவில்லை, துணியில் கோடு போடுகிற சாக்பீஸைச் சீவிக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் எடுத்தேன். போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தீர்கள். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போனைக் கவிழ்த்திருப்பேன்.

"தையல் எங்க முடியுது? அக்குள் வரைக்கும் போகுதா?"

போகுது என்றேன்.

"நல்லா நெருக்கமாப் போட்டிருக்காங்க, இழுக்காமப் போட்டிருக்காங்க" என்றீர்கள். டாக்டர் போட்ட தையலைத் தையல்காரி பார்க்கிற மாதிரிப் பார்த்துச் சொன்னீர்கள். "எங்க ஊர் பேண்டேஜ் துணிதான் சுத்தியிருப்பாங்க" என்றும் சொன்னீர்கள், உங்கள் அப்பாவும் பெரியப்பாவும் அந்தத் தறியில்தான் இருந்தார்கள் என்று. அப்புறம் டேப்பை எடுக்கச் சொன்னீர்கள். தோளிலிருந்து இறக்கம், குறுக்கே, இடது பக்கம் தனியாக, வலது பக்கம் தனியாக. ஒவ்வொரு அளவு சொன்னதும் ஒரே பதில்தான்.

"எழுதிக்கிட்டேன். அடுத்தது."

அந்த "அடுத்தது" என்ற சொல்லை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன் அக்கா. இடது பக்கத்து அளவைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது, நீங்கள் அதற்கும் அதே குரலில், வலது கைச் சுற்றளவுக்குச் சொன்ன அதே குரலில், எழுதிக்கிட்டேன், அடுத்தது என்றீர்கள். என்னை ஒரு அளவாக எழுதி வைத்துக்கொண்டு அடுத்த அளவுக்குப் போன முதல் மனுஷி நீங்கள்தான்.

அந்த ஜாக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். முன்பக்கம் இரண்டையும் ஒரே மாதிரி வெட்டி, இரண்டிலும் டார்ட் மடிப்புப் பிடித்து, உள்ளே பழைய வேட்டித் துணியில் லைனிங் கொடுத்து, இரண்டு பக்கமும் பை. ஒரு பக்கம் மட்டும் பை வைத்தால் துணி அந்தப் பக்கம் சாயும் என்றீர்கள். பக்கத் தையலை அரை இஞ்ச் பின்னால் தள்ளி, தழும்பு மேல் படாமல் வைத்தோம். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை வீங்கும் என்பதால் இடது கைக்கு மட்டும் ஒரு இஞ்ச் கூட. இடது பக்கப் பைக்குள் வைக்க, பனியன் துணியில் பஞ்சு அடைத்து, அடியில் சின்னப் பையில் கடுகு, 150 கிராம். வெறும் பஞ்சு வைத்தால் கையைத் தூக்கும்போது மேலே ஏறிவிடும், கனம் இருந்தால்தான் தோள் சாயாது என்று அந்தக் கடுகைச் சமையல் தராசில் மூன்று தடவை நிறுக்க வைத்தீர்கள். ஜூலையில் அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். முந்தானையை மடித்துப் பின் குத்திக்கொண்டு போனேன் அக்கா. அதற்கு முன்னால் எல்லாம் ஒற்றை முந்தானையை இடது கை மேல் விட்டுத்தான் கட்டுவேன்.

இவ்வளவு செய்தவர் அதை ஏன் செய்தீர்கள்?

2023 ஜனவரி. என்னை மாதிரி ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஜாக்கெட் வெட்டுவது எப்படி என்று குழுவில் நீங்கள் போட்ட அந்த வாய்ஸ் நோட்டில் என் பெயர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டீர்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "திண்டுக்கல்ல ஒரு தங்கச்சி, பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கா" என்று எதற்குச் சொன்னீர்கள்? பை வைத்து ஜாக்கெட் வெட்டுவதற்கு என் மகள் கல்யாணப் பேச்சு எதற்கு? எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணை அந்தக் குழுவில் நானேதான் சேர்த்துவிட்டிருந்தேன். ராத்திரிக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. பூ வைக்க நாள் குறித்திருந்த இடம், பத்தாம் நாள் ஜாதகத்தை மறுபடி பார்த்தோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வீட்டார் இதைப் படித்தாலும் படிக்கலாம். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை, இதற்கு மேல் அவர்களைப் பற்றி இங்கே எழுதவும் மாட்டேன்.

ஆனால் என் மகள் முகத்தை அன்றைக்கு நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை. இந்த நோய் 10 பேரில் ஒருவருக்குக்கூட முழுசாகப் பரம்பரையில் வருவதில்லை என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அதை யாரிடம் போய்ச் சொல்ல? யாரும் நோயைப் பற்றிக் கேட்கவே இல்லையே, ஜாதகம் என்றுதானே சொன்னார்கள்.

உள்பக்கத்தைக் காட்டச் சொன்னீர்கள். அது துணிக்கு அக்கா, எனக்கு இல்லை.

அன்றைக்கு நான் உங்களுக்கு அனுப்பியதை இங்கே எழுத மாட்டேன். உங்கள் மருமகள் படிக்கிறாள், வேண்டாம். உங்கள் பெயருக்காகத்தான் எனக்குத் தைக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று சொன்னேனே, அந்த ஒன்றுக்கு மட்டும் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். அது பொய், சொல்லும்போதே பொய் என்று எனக்குத் தெரியும். "மன்னிச்சுக்கம்மா, அழிச்சுட்டேன்" என்று உங்கள் பதில் வந்தது. படித்துவிட்டுத்தான் பிளாக் செய்தேன், படிக்காமல் இல்லை.

நேற்று இன்னொரு காரியமும் செய்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று உங்களிடம் நான் சொன்ன இடத்தைக் கண்டுபிடிக்க, நம் பழைய சாட் முழுவதையும் மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். சொல்லியிருக்கிறேன் என்று இத்தனை நாளும் சத்தியம் செய்வேன். எங்கேயும் இல்லை அக்கா. ஒரு இடத்திலும் இல்லை. காஜா எடுப்பது, ஊசி நம்பர், வலி மாத்திரை, மகள் பரீட்சை எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. சொல்லாமலே உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறேன். அதற்காக உங்கள் மேல் தப்பே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் இத்தனை நாள் சுமந்த கோபத்தில் பாதிக்கு மேல் நான் சொல்லாத சொல்லுக்கு வந்த கோபம்.

மகளுக்குப் போன வருஷம் கல்யாணம் முடிந்தது. இந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளே முதல் நாளே சொல்லிவிட்டாள், "எங்கம்மாவுக்கு இப்படி ஆச்சு, இதைக் கேட்டுட்டு மேல பேசுங்க" என்று. சம்பந்தி அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பத்திரிகை உங்களுக்கு அனுப்பவில்லை. கல்யாணத்தன்று மண்டபத்தில் யாரோ சிவப்பு நூல் கேட்டபோது, இதோ அக்கா பையில் இருக்கும் என்று திரும்பினேன். நீங்கள் இல்லை. நாம் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை, ஆனாலும் திரும்பினேன்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாசத்தில் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நீங்கள் அழித்த அந்த வாய்ஸ் நோட்டு யார் யார் கையிலோ சுற்றி அவளிடம் போயிருக்கிறது. எப்படியோ விசாரித்து என் நம்பரை வாங்கியிருக்கிறாள். 34 வயசு, கைக்குழந்தை. முதலில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, போனை வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள், "அக்கா, கடையில போய்க் கேட்க வெட்கமா இருக்கு" என்றாள். சரி, டேப் இருக்கிறதா என்று கேட்டேன். அன்றைக்கு ராத்திரி வீடியோவில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இடது, வலது, கைச் சுற்றளவு. எழுதிக்கிட்டேன், அடுத்தது என்று என் வாயில் வந்துவிட்டது. பிறகு அரை மணி நேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கு நல்லது நடந்ததால் என் மகளுக்கு நடந்தது சரி என்று எழுதவில்லை. அந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை, வைக்கவும் மாட்டேன். ஆனால் நீங்கள் இல்லாமல் தைத்த இந்த இரண்டரை வருஷத்தில், எதைத் தைத்து முடித்தாலும் திருப்பிப் போட்டு உள்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் 40, 50 படம் கிடக்கிறது, யாருக்கும் அனுப்பவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ராத்திரி நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தபோது நானும் உங்களைப் பார்த்தேன். உங்கள் ஜாக்கெட்டில் மூன்றாவது கொக்கி இல்லை, அந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்தியிருந்தீர்கள். இடது அக்குளில் தையல் விட்டு லைனிங் தெரிந்தது. 38 வருஷமாக ஊருக்கெல்லாம் தைக்கிறவர். அப்போதே சொல்லியிருக்கலாம், என் வேதனையில் சொல்லவில்லை.

உங்கள் அளவு எனக்குத் தெரியாது அக்கா. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரை வந்து ராஜபாளையம் பஸ் ஏறுகிறேன், மதியத்துக்குள் வந்துவிடுவேன். என்னோடு பேச மனசு இல்லாவிட்டால் பேச வேண்டாம், அளவு ஜாக்கெட் ஒன்றை மருமகளிடம் கொடுத்து வையுங்கள், வாசலிலேயே வாங்கிக்கொள்கிறேன். கைக்குழி இறுக்குகிறதா, தளர்த்த வேண்டுமா என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதி அதில் குத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
திண்டுக்கல்