கந்தகம் தரமாட்டோம் என்றார்கள்

இலங்கையின் சார்பில் வாஷிங்டனோடு இறக்குமதித் தீர்வை பற்றிப் பேசும் குழுவினருக்கு,

வணக்கம்.

2025 ஏப்ரல் 2ஆம் திகதி நம் ஏற்றுமதிக்கு 44 சதவீதத் தீர்வை என்று அமெரிக்காவில் அறிவித்தார்கள். ஜூலையில் ஒரு கடிதம் வந்தது, 30 ஆனது. அந்த மாதக் கடைசியில் 20. எண் இறங்க இறங்க இங்கே பலர் பெருமூச்சு விட்டார்கள், நானும் விட்டேன். கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் ஜூக்கி தையல் மெஷினில் உட்காரும் என் சித்தி மகள் மட்டும் கேட்டாள்: "அதுக்குப் பதிலா நாம என்னத்தக் குடுத்தோம்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை உங்களிடம் சேர்ப்பிக்கத்தான் இந்த மடல்.

இந்த மேசையில் நம்மவர்கள் உட்காருவது இது முதல் தடவை இல்லை. கொரிய யுத்தம் தொடங்கியதும் இறப்பர் விலை ஏறியது. 1951க்குப் பிறகு சடசடவென்று விழுந்தது. அரிசி எதிர்த் திசையில் போனது. வெளியிலிருந்து அரிசி வாங்கித் தின்னும் நாடு, விற்பதற்கு இருந்ததோ தேயிலையும் தேங்காயும் இறப்பரும். அமெரிக்காவிடம் பேசிப் பார்த்தார்கள். இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேல் ஒரு சதமும் தர முடியாது என்றது அமெரிக்கா. சீனா கூடுதல் விலை தரத் தயாராக இருந்தது, அரிசியும் வைத்திருந்தது. ஆனால் 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை, சீனாவுக்குப் போர்த் தேவைப் பொருட்களை அனுப்பக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தது. இறப்பரும் அந்தக் கணக்கில் வந்தது. நாமோ அந்தச் சபையில் உறுப்பினராகவே இல்லை, 1955இல்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

பிரதமர் டட்லி சேனாநாயக்கவின் அரசு சிவப்புக் கொடியைக் கண்டால் முகம் சுளிக்கிற அரசு. சீனத் தலைநகர் பீக்கிங்கோடு தூதரக உறவுகூட அப்போது கிடையாது. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு அமெரிக்காவைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்கதான் பிடிவாதமாக நின்றார். 1952 டிசம்பர் 18ஆம் திகதி பீக்கிங்கில் கையெழுத்தானது: வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 2 லட்சத்து 70 ஆயிரம் தொன் அரிசி வரும், ஐந்து வருடத்துக்கு. இறப்பருக்கு சிங்கப்பூர் விலையைவிடக் கூடுதல், அரிசிக்கு உலகச் சந்தையைவிடக் குறைவு. கொள்கைப் பேச்சு எதுவும் இதில் இல்லை, அடுப்படிக் கணக்குத்தான். அந்த ஏற்பாடு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை ஓடியது.

அமெரிக்கா சும்மா இருக்கவில்லை. சீனாவுக்கு அந்த மாதிரிப் பொருள் விற்கிற நாட்டுக்கு உதவி கிடையாது என்ற தன் சட்டத்தைக் காட்டி, 1956 வரை உதவியை நிறுத்தி வைத்தது. அதைவிட நுணுக்கமான அடி ஒன்றும் இருந்தது: கந்தகம் விற்க மறுத்தது.

இதைக் கொழும்பில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இறப்பர் மரம் வருடத்துக்கு ஒரு தடவை இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும். அந்தச் செம்புத் துளிரின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்தது போல் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் துளிர் கொட்டிவிடும். மரம் மறுபடி துளிர்த்துக் களைத்துப்போகும், பால் வற்றும். அதற்கு அன்றைக்கு இருந்த மருந்து கந்தகத் தூள். அதிகாலையில், பனி காய்வதற்கு முன், மரத்துக்கு மேலே புகை மாதிரி எழும்பும்படி தூவ வேண்டும். அதை நிறுத்தினால் எங்கே வலிக்கும் என்று வாஷிங்டனில் யாரோ சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். பெரிய நாடுகள் நம்மை எவ்வளவு கவனமாகப் படிக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தேவையில்லை. நீங்களும் அவர்களை அப்படிப் படித்துவிட்டுத்தான் போகிறீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கதையை இறைமையின் வீரக் கதையாக மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் முழுக் கதையையும் யாரும் சொல்வதில்லை.

என் அப்பாயி களுத்துறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டினார். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கத்தி, வாளி, மரத்துக்கு மரம் சிரட்டை. மழை வந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. 1948ஆம் ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான அவர் போன்றவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. மறு வருடம் வாக்கும் போனது. 1947இல் மலையகத்திலிருந்து ஏழு பேர் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். 1952இல் ஒருவர்கூட இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான அதே வருடத்தில்தான் தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்த உரிமையைக் கேட்டுக் கொழும்பில் மாதக் கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தது. சிறு நிலக்காரரின் இறப்பரும் கப்பலில் போனது, உண்மைதான். ஆனால் பெருந்தோட்டத்துப் பாலில் பெரும்பகுதியை வெட்டியது இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சொல்லப்பட்டவர்கள். சீனா கொடுத்த கூடுதல் விலையில் உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்று அப்பாயியிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்துவிட்டு வெற்றிலையை மடித்தார்.

ஒப்பந்தத்துக்கு மறு வருடம் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதம் ஆனதும், 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் உயிர்கள் போனதும், டட்லி பதவி விலகியதும் உங்களுக்குத் தெரியும். வெளியே நிமிர்ந்து நின்ற அரசு வீட்டுக்குள்ளே இப்படி விழுந்தது.

இன்னொரு முறையும் நடந்தது. எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளைச் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு எடுத்துக்கொண்டு, நட்டஈடு பேசி முடியாததால் 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. சொத்தை எடுத்துவிட்டு நட்டஈடு தராத நாட்டுக்கு உதவி கிடையாது என்னும் ஹிக்கன்லூப்பர் திருத்தம் என்ற சட்டப் பிரிவு முதலில் விழுந்தது நம் தலையில்தான். அப்போதும் பணியவில்லை, நல்லது. ஆட்சி மாறிய பிறகு 1965இல்தான் நட்டஈடு தீர்ந்தது. ஆனால் இடையில், 1964 அக்டோபரில், அதே சிறிமாவோ அரசு டில்லியில் உட்கார்ந்து மலையகத் தமிழர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 லட்சம் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம். பங்கு பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். நம் ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது. தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கட்டுநாயக்கவில் போடிங் அறைகளில் நாலு பேர் ஐந்து பேராக இருப்பவர்கள். தோட்டத்திலிருந்து இறங்கிப் போனவர்கள். யுத்தம் முடிந்த பிறகு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொழிற்சாலைக்குள் போனவர்கள். அமெரிக்கத் தீர்வையை இந்த நாட்டில் யாராவது சுமக்க வேண்டுமென்றால், முதலில் இவர்களுடைய மேலதிக நேரமும் இலக்கும்தான் இறுகும்.

1952இல் செய்தது போல் சீனாவிடம் ஓடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு அவர்களுக்கும் நாம் தேவைப்பட்டோம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனக் கம்பனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த நாடு இது, இன்னொரு வல்லரசின் மடியும் மெத்தையில்லை என்று நமக்குத் தெரியும். 2022இல் கடன் கட்ட முடியாமல் கைவிரித்தவர்களுக்குப் பேரம் பேசும் பலம் குறைவு என்பதும் தெரியும். விட்டுக்கொடுக்க வேண்டி வரும். எதை என்பதுதான் கேள்வி.

ஆகவே கேட்பது இரண்டு. தைப்பவர்களின் தொழிற்சங்கங்களிலிருந்து ஆட்கள் உங்கள் குழுவோடு உட்கார வேண்டும். புகைப்படத்துக்கு அழைக்கும் ஆலோசகர்களாக இல்லாமல், வரைவைப் படிக்கிறவர்களாக. அடுத்தது, அமெரிக்காவோடு நீங்கள் ஒப்புக்கொள்ளும் பத்திரம், அதன் பின்னிணைப்புகள் உட்பட, முழுசாக வெளியே வர வேண்டும். எந்தப் பொருளுக்கு நம் தீர்வையைக் குறைத்தோம், எதை அவர்களிடம் வாங்குவதாக வாக்குக் கொடுத்தோம், எந்தச் சட்டத்தை மாற்றச் சம்மதித்தோம் என்று வரிக்கு வரி தெரிய வேண்டும்.

தமிழிலும் வர வேண்டும். சிங்களப் பிரதி வந்து மூன்று மாதம் கழித்து, பாதி பிழையோடு வருகிற பிரதியைச் சொல்லவில்லை. அதே நாளில் வர வேண்டும். சித்தி மகளுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
களுத்துறை மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன்