வெள்ளையணு விழுங்குகிற அளவா அந்தப் புழு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த குடற்புழுக் கட்டுரையில் கை கழுவுவது, செருப்புப் போடுவது பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ‘எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்தால் வெள்ளையணுக்களே புழுக்களை விழுங்கி அழித்துவிடும்’ என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உருண்டைப்புழு 20 முதல் 35 செ.மீ. வரை வளரும், வெள்ளையணு கண்ணுக்கே தெரியாது, அப்புறம் எப்படி விழுங்கும்?

பாக்டீரியாவை விழுங்கும், சரி. புழு வந்தால் உடம்பு அதைப் பிடித்துத் தள்ளத்தான் பார்க்கிறது. குடலின் உள்சுவரில் டஃப்ட் செல் என்று ஒரு வகை உண்டு, தலையில் குஞ்சம் வைத்ததுபோல் இருக்கும். 1950களிலேயே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள், ஆனால் புழு வந்திருப்பதை உணர்ந்து முதலில் தகவல் சொல்வது இதுதான் என்பது 2016இல்தான் எலிகளில் தெளிவானது. இது இன்டர்லூக்கின் 25 என்ற புரதத்தை வெளியிட, பக்கத்தில் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்லூக்கின் 13ஐச் சுரக்க, அதனால் சளி சுரக்கும் செல்கள் பெருகி, குடலுக்குள் நீர் கூடி, தசைகளும் வேகமாகச் சுருங்கி, புழு பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே போகிறது. அதே இன்டர்லூக்கின் 13 டஃப்ட் செல்களையும் பெருக வைக்கிறது, அதாவது காவல் தானாகவே கூடிக்கொண்டு போகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சுவருக்குள் தலையை நுழைத்து வாழும் சாட்டைப்புழுவுக்கு வேறு உபாயம். அது குடியிருக்கும் செல்வரிசையையே குடல் வேகமாகப் புதுப்பித்து, பழையதை மேலே தள்ளி உதிர்த்துவிடுகிறது. இதுவும் எலிகளில் கண்டதுதான்.

எலிகள் சில புழுக்களைப் பத்து நாளில் வெளியேற்றிவிடும். மனித உடம்பில் அப்படி நடப்பதில்லை, கொக்கிப்புழு வருடக்கணக்கில் தங்கும், ஏனென்றால் நம் எதிர்ப்பையே மட்டுப்படுத்தும் பொருள்களை அது சுரக்கிறது. ஒருமுறை வந்து போனதால் மறுபடி வராது என்பதும் இல்லை. அதனால்தான் தொற்று அதிகமுள்ள இடங்களில் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை குடற்புழு மருந்து கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

என் மகனுக்கு மருந்து கொடுத்து ஆறு மாதத்தில் மறுபடி பூச்சி வந்தபோது, அவன் உடம்பில் தெம்பே இல்லை என்று நினைத்து டானிக் வாங்கிக் கொடுத்தேன், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று திட்டவும் செய்தேன். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை, மண்ணிலிருந்து முட்டை மறுபடி வயிற்றுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் கட்டுரையைப் படித்த இன்னொரு அம்மாவும் அதையே செய்யக்கூடும். அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி