தண்ணீர் எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள்

பேரூராட்சித் தலைவர், துணைத் தலைவர், செயல் அலுவலர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மேட்டுத் தெருவுக்குக் குடிநீர் எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நம் ஊருக்கான பங்கு முழுதாக வருவதில்லை, கோடையில் போர்வெல்லும் கைவிட்டுவிடுகிறது, மோட்டார் எரிந்தால் சரிசெய்து வர நாளாகிறது. இதையெல்லாம் நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள், நாங்களும் நம்புகிறோம். அதனால் இந்த மடலில் கூடுதல் தண்ணீர் கேட்கப்போவதில்லை. தினமும் விடுங்கள் என்றும் கேட்கவில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். கேட்பது இது ஒன்றுதான்.

போன வாரம் நள்ளிரவு தாண்டித் தண்ணீர் விட்டீர்கள். தெருக் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி குழாய்ச் சத்தம் கேட்டு எழுந்து, இருட்டில் குடத்தோடு வந்து வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து இப்போது மருத்துவமனையில் படுத்திருக்கிறார். மறுநாள் காலை நாங்கள் சிலர் அலுவலகத்துக்கு வந்து கேட்டோம். "தொட்டி எப்ப ரொம்புதோ அப்பத்தான் விட முடியும், நேரமெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை.

வீட்டில் சம்பும் மோட்டாரும் உள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்பு என்னவென்று தெரிந்திருக்காது. அவர்கள் வீட்டில் தண்ணீர் எந்த நேரம் வந்தாலும் தானாக உள்ளே இறங்கிவிடும். மேட்டுத் தெருவில் பெரும்பாலும் வாடகை வீடுகள், ஒற்றை அறை வீடுகள். பல வீடுகளுக்குத் தெருக்குழாய்தான். வருகிற கொஞ்ச நேரத்தில் பிடித்தால்தான் உண்டு. கடைசியாக விட்டு இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டால் அப்புறம் எங்கள் காது குழாயடியில்தான் இருக்கும். முதலில் காற்று சீறும். பிறகு கலங்கலாகக் கொஞ்சம் வரும். அதை வழிய விட்டுவிட்டுத்தான் குடத்தை வைக்க வேண்டும். அந்தச் சீறலைத் தூக்கத்தில் தவறவிட்டவர்கள் அடுத்த முறை வரை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்க வேண்டியதுதான். இரவலுக்கும் ஒரு அளவு உண்டு, இரண்டு குடத்துக்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது.

காத்திருப்பது யார் என்று பார்த்தால் எல்லா வீட்டிலும் ஒரு பெண். எதிர் வீட்டு அக்கா மில்லுக்குப் போகிறார். இரவில் பாதி நேரம் விழித்திருந்துவிட்டுக் காலை ஷிப்டில் மெஷின் முன்னால் போய் நிற்கிறார். "நாளைக் காலை விடுவாங்களாம்" என்று யாராவது சொன்னால் லீவு போடுகிறார். அன்றைய கூலி போகும், பல நாள் அந்தத் தண்ணீரும் வராது. அவருக்கு இரவு ஷிப்ட் விழுகிற வாரத்தில் மகள் காவல் இருப்பாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடந்த நாட்களில் அந்தப் பெண் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையாக அடுக்கிய குடங்களுக்குப் பக்கத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சொந்தத்தில் ஒரு சாவு என்றால்கூட, வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் கிளம்புகிறோம். கைக்குழந்தைக்கு ஊசி போட அழைத்துப்போவதையே தள்ளிப்போட்டவர்கள் உண்டு. தண்ணீர் இல்லாத கஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எப்போது வரும் என்று தெரியாததால் எங்கள் வாழ்க்கையில் எதையுமே திட்டமிட முடியவில்லை.

நேரம் உண்மையிலேயே யாருக்கும் தெரியாது என்றால் பொறுத்துக்கொள்வோம். ஆனால் அப்படி இல்லையே. கூட்டுத் திட்டத் தண்ணீர் தரைமட்டத் தொட்டிக்கு வருகிறது, அங்கிருந்து மோட்டார் வைத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள், தொட்டி நிறைந்ததும் கேட் வால்வைத் திறந்து பகுதி பகுதியாக விடுகிறார்கள். எந்தத் தெருவுக்குப் பின் எந்தத் தெரு என்று முறை இருக்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கினால் தொட்டி நிறைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது ஆபரேட்டருக்கு அத்துப்படி. அவருடைய செல்போன் எண் வைத்திருப்பவர்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. கவுன்சிலர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அறிமுகம் இல்லாதவர்கள்தான் விழித்துக் கிடக்கிறோம். எங்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

வால்வு திறப்பவர் மேல் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர் ஒருவர்தான் ஊர் முழுக்க அலைகிறார். நடு ராத்திரியில் சாலைக் குழிக்குள் குனிந்து வால்வைத் திருகுகிறவரும் அவர்தான், தண்ணீர் வராத தெருவில் திட்டு வாங்குகிறவரும் அவர்தான். அலுவலகம் நேரத்தை முறையாக அறிவித்துவிட்டால் அவருக்கும் அந்தத் திட்டு மிச்சமாகும்.

நேரத்தைச் சொல்லாததால் உங்களுக்கும் நஷ்டம் என்பதை யோசித்தீர்களா தெரியவில்லை. எப்போது வரும் என்று தெரியாத வீடுகளில் இரவெல்லாம் குழாயைத் திறந்தே வைக்கிறார்கள். வந்த தண்ணீர் டிரம் நிறைந்து வழிந்து சாக்கடைக்குப் போகிறது. வருகிறபோதே எல்லாவற்றையும் இழுத்துவிட வேண்டும் என்ற பயத்தில் சிலர் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். பள்ளத்துத் தெரு நிறைந்து மேட்டுத் தெருவுக்கு ஏறும்போது அழுத்தமே இருப்பதில்லை. அழுத்தம் இல்லாத குழாயில் விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே புகுந்துவிடும் என்பது உங்கள் பொறியாளருக்குத் தெரிந்ததுதான்.

அடுத்து கொசு. அடுத்த தண்ணீர் என்றைக்கோ என்ற பயத்தில் கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அந்த முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, புழு இருந்தால் டிரம்மைக் கவிழ்க்கச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி, எங்கள் பிள்ளைகளின் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் அடுத்து என்றைக்கு வரும் என்று தெரியாமல் இருக்கிற தண்ணீரை எப்படிக் கொட்டுவோம்? வியாழக்கிழமை வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் புதன்கிழமையே டிரம்மைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவோம். சேமித்து வைக்க வைக்கத் தண்ணீரில் குளோரினும் குறைந்துகொண்டே போகும். குடிநீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நாள்கணக்கில் டிரம்மில் கிடக்கும் தண்ணீரில் அது எங்கே மிஞ்சும்?

இது நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். கர்நாடகாவில் ஹூப்ளி-தார்வாட் நகரங்களில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தார்கள். வால்வு திறப்பவர் செல்போனில் தகவல் சொல்வார், அது குறுஞ்செய்தியாக வீடுகளுக்குப் போகும். அப்போது பலரிடம் இருந்தது சாதாரண பட்டன் போன்தான். அதே முறை பெங்களூருவுக்குப் போனபோது தடுமாறியது, வால்வு திறப்பவர்களிடமிருந்து சரியான தகவல் சரியான நேரத்தில் வந்து சேரவில்லை. ஆகவே தகவல் தரும் வேலையை ஒரு தனி ஆளின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் அலுவலகமே பொறுப்பெடுக்க வேண்டும். ஒடிசாவின் பூரியில் 2021 முதல் 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருகிறது, அதையே குடிக்கிறார்கள். நாங்கள் அந்த அளவுக்கு இப்போது கேட்கவில்லை.

ஊரில் அறிவிப்பு செய்யவே ஆள் இல்லை, வசதி இல்லை என்றால் புரிந்துகொள்ளலாம். சொத்து வரி பாக்கிக்கு ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகச் சொல்கிறீர்கள். அரையாண்டு தொடங்கி முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி என்பது எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரியும். அந்த அளவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். குடிநீர்க் கட்டணத்துக்கும் அப்படியே. நாங்கள் கட்ட வேண்டிய தேதி எங்களுக்குத் தெரிகிறது. நீங்கள் தர வேண்டிய நேரம் மட்டும் தெரிவதில்லை.

2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்த பிறகு 2022 வரை நம் ஊரில் மக்கள் தேர்ந்தெடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. எல்லாவற்றுக்கும் தனி அலுவலர்தான். 2022 பிப்ரவரி 19 அன்று வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். இனிமேல் கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று நம்பினோம். உறுப்பினர் இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் வந்தபோது குழாயடியின் கஷ்டம் இனி மன்றத்தில் பேசப்படும் என்று சந்தோஷப்பட்டோம். பெண் உறுப்பினர்களே, உங்களில் சிலர் இதே குழாயடியில் எங்களோடு நின்றவர்கள். மன்றக் கூட்டத்தில் சாலை, கால்வாய், கட்டடம் என்று தீர்மானம் மேல் தீர்மானம் போகிறது. தண்ணீர் விடும் நேரம் பற்றி ஒரு வரி இல்லை. பகுதி மக்களே கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபா கூட்டம் எங்கள் வார்டில் எப்போது நடந்தது என்று கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. குடிநீர் வழங்குவதை நகர உள்ளாட்சியின் பணிகளில் ஒன்றாக அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் எழுதி, அது 1993 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அப்போது பிறந்த பெண்கள் இன்று தங்கள் பிள்ளைகளோடு குழாயடியில் காத்திருக்கிறார்கள்.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். தயவுசெய்து நேரத்தைச் சொல்லுங்கள்.

எந்தத் தெருவுக்கு எந்த முறை என்பதை மேல்நிலைத் தொட்டி அடியிலும், ரேஷன் கடையிலும், அங்கன்வாடியிலும் பலகையில் எழுதி வையுங்கள். வழக்கமான நாள் மாறினால் முதல் நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். வார்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும், அதை அலுவலகம் நடத்தட்டும். செல்போன் இல்லாதவர்களுக்கு உங்களிடமே ஒரு வழி இருக்கிறது. குப்பை வண்டி தினமும் காலையில் எல்லாத் தெருவுக்கும் வருகிறது, அதில் ஒலிபெருக்கியும் இருக்கிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஒலிக்கும் அதே குரலில் "இன்று மாலை 5 மணிக்கு மேட்டுத் தெருவுக்குக் குடிநீர்" என்று ஒரு வரி சேர்த்தால் ஊருக்கே தெரிந்துவிடும். மோட்டார் பழுது, மின்சாரம் இல்லை, குழாய் உடைப்பு என்றால் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். வராது என்று தெரிந்தால் நாங்கள் தூங்கிவிடுவோம், மறுநாள் வேலைக்குப் போவோம். முடிந்தவரை இரவு 10 மணிக்கு மேல், விடிகாலை 5 மணிக்கு முன் திறக்க வேண்டாம். அந்தப் பாட்டி விழுந்தது அந்த நேரத்தில்தான்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம், மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, மக்கள் மனுப் போடாமலேயே அலுவலகங்கள் தாமாகத் தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. நாங்கள் மனுவும் போட்டிருக்கிறோம், நேரிலும் வந்து கேட்டிருக்கிறோம்.

அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் "குடிநீர் விநியோக நேரத்தை முன்கூட்டி அறிவித்தல்" என்று ஒரு பொருளைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் நிறைவேறினால் அதன் நகலைத் தொட்டி அடியில் ஒட்டுங்கள். நிறைவேறாவிட்டால் எந்தக் காரணத்தால் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
மேட்டுத் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்