உரைமருந்துக்குத் தேன் கிடையாது

திருப்பாதிரிப்புலியூர்
தை 10

அன்புள்ள சுமதி,

பேரன் பிறந்த சேதி வந்து மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். திட்டிக்கொள். தாயும் பிள்ளையும் நலம்தானே? இங்கே அவர் முட்டி வலி தவிர எல்லாம் சௌக்கியம்.

தாமதத்துக்குக் காரணம் கொல்லையில் இருக்கும் தேனீப் பெட்டிதான். சரி, சிரி! பனி நாடுகளில் தேனீக்கள் ராணியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, உடம்பை நடுக்கியே சூடுண்டாக்கிக் குளிரைக் கடத்தும். நமக்குக் குளிர் எங்கே, அடைமழைதான். நாலு நாள் விடாமல் பெய்தால் வெளியே போக முடியாமல் சேர்த்த தேனைத் தின்று தீர்க்கும். அதுவும் தீர்ந்தால் கூட்டையே விட்டுப் பறந்துவிடும். போன வருஷம் அப்படித்தான் போயிற்று; திறந்தால் காலி அடையில் அந்துப்பூச்சிப் புழு நூல் பின்னியிருந்தது. அன்று சோறு இறங்கவில்லை.

அதனால் இந்த முறை புரட்டாசியில் சொட்டுத் தேன்கூட எடுக்கவில்லை. ஐப்பசி முதல் சர்க்கரையும் தண்ணீரும் சரிபாதியாகக் கரைத்து, பொழுது சாய்ந்தபின் உள்ளே வைத்தேன். பகலில் வைத்தால் வேறு கூட்டுத் தேனீக்கள் கொள்ளைக்கு வரும். எறும்புக்காகப் பெட்டிக் காலடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் சருகு விழுந்தால் அதுவே பாலம். கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறிய ராத்திரியும் டார்ச்சோடு சருகு பொறுக்கினேன். "என் முட்டியை இப்படிக் கவனித்திருக்கலாம்" என்கிறார் அவர்.

நேற்று முருங்கைப் பூவில் பார்த்தேன். பிழைத்துக்கொண்டன, சுமதி!

அப்புறம், பேரனுக்கு உரைமருந்து குழைக்கத் தேன் கேட்டாயே. தரமாட்டேன். ஒரு வயது முடியும்வரை பிள்ளை நாக்கில் தேன் படக் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலினம் என்கிற கிருமியின் வித்து இருக்கலாம், காய்ச்சினாலும் சாகாது. நம் குடலில் முளைக்காது, பச்சைப்பிள்ளை குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். மலம் கட்டும், பால் உறிஞ்ச வலு போகும், அழுகை மெலியும், மூச்சுக்கே ஆபத்து. நாமும் தடவித்தானே வளர்த்தோம் என்பாய். நினைத்தால் இப்போது எனக்கு வயிறு கலங்குகிறது. ஏற்கெனவே கொடுத்திருந்து இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

நீயும் "தேன்தானே" என்று கரண்டி கரண்டியாக விழுங்காதே, சர்க்கரைக்காரி. நூறு கிராமில் எண்பது கிராம் சர்க்கரைதான், 300 கலோரி, வைட்டமின் பெயருக்கு. வளர்க்கிற நானே ருசிக்குத்தான் தின்கிறேன்.

வேம்பு பூத்து அடை நிறைந்ததும் மருமகளுக்கு ஒரு பாட்டில் அனுப்புகிறேன். பேரன் பங்கு அடுத்த தை வரை என் அலமாரியில் இருக்கும்.

உன்
விஜயா