கணவரின் பரிசோதனைத் தாள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதியருக்கான பரிசோதனைகள், சிகிச்சைகள் குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சினைமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். பரிசோதனை முதல் சோதனைக் குழாய் முறை வரை விளக்கிய கட்டுரையாளர், விந்துப் பரிசோதனைக்கு ஒற்றை வரியே ஒதுக்கியிருந்தார். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அந்த வரியைச் சற்று விரித்து எழுத விரும்புகிறேன்.

ஆய்வகத்துக்கு வரும் பெண்களின் கோப்பைப் புரட்டினால், தைராய்டு, புரோலாக்டின், மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் பார்த்த ஹார்மோன் அளவுகள், அடுக்கடுக்காக ஸ்கேன் படங்கள், கருக்குழாய் அடைப்பை அறியச் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, சிலரிடம் வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியின் அறிக்கைகூட இருக்கும். கணவர் பெயரில் ஒரு தாளும் இராது. கேட்டால், "அவனுக்கு என்னங்க, நல்லாத்தானே இருக்கான்" என்று உடன் வந்த மாமியார் முந்திக்கொண்டு பதில் சொல்வார். தாம்பத்திய உறவில் எந்தக் குறையும் இல்லாத ஆணின் விந்திலும் உயிரணு ஒன்றுகூட இல்லாமல் இருக்கக்கூடும் என்பதும், அதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்காமல் எவராலும் சொல்ல இயலாது என்பதும் படித்த குடும்பங்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை.

குழந்தையின்மையால் வருந்தும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், ஆண் தரப்புக் காரணம் தனித்தோ பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. சாய எக்ஸ்ரே பலருக்கு வலி தருவது. லேப்ராஸ்கோப்பிக்கு மயக்க மருந்து வேண்டும். விந்துப் பரிசோதனையோ வலியற்றது, செலவும் குறைவு. அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மனைவியின் உடலை மட்டும் துருவிக்கொண்டிருப்பதில் மருத்துவ நியாயம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாதிரி தருவதில் நேரும் பிழைகளும் முடிவைக் கெடுக்கும். முந்தைய விந்து வெளியேற்றத்துக்குப் பின் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் மிகுதி என்பதால் அது சிந்தியிருந்தால் சொல்லிவிட வேண்டும். கடையில் விற்கும் ஆணுறையில் சேகரிக்கக் கூடாது. வீட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் குப்பியைச் சட்டைக்கு உள்ளே உடல் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கெடாமல் இருக்கட்டும் என்று ஐஸ் வைத்து எடுத்து வருபவர்கள் உண்டு, அது அணுக்களின் அசைவைக் குறைத்துக் காட்டும்.

முடிவைப் படிப்பதிலும் பதற்றம் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்களும் 42 சதவீத அசைவும் கீழ்விளிம்பு அளவுகள். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் இந்த அளவுகளுக்குக் கீழே இருந்தவர்களே. காய்ச்சல் வந்து போனாலும் எண்ணிக்கை குறையும். ஆகவே குறை தெரிந்தால் மீண்டும் ஒருமுறை பார்த்த பின்பே முடிவு செய்ய வேண்டும். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையாக, பத்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு மறு பரிசோதனைக்கு வரும் ஆண்களும் உண்டு. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

காரணம் தெரிந்தால் வழியும் உண்டு. விதைப்பை ரத்தநாளப் புடைப்பு, பருவ வயதுக்குப் பின் வந்த பொன்னுக்கு வீங்கி, புகைப்பழக்கம் என்று பலவும் விந்தணுவைப் பாதிக்கலாம். இந்நாளில் உடற்கட்டுக்காகப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிட, அணு உற்பத்தி முடங்குகிறது. அணுவே வெளிவராதவர்களிலும் பாதை அடைப்புதான் காரணம் என்றால், விதையிலிருந்து நேரடியாக எடுத்து, ஓர் அணுவை ஒரு முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் கருவுறச் செய்ய இயலும்.

பெண்களுக்கான பரிசோதனைகள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் கருக்குழாயைத் தாக்கும் காசநோய், வேறு அறிகுறி எதுவும் காட்டாமலே அடைப்பை உண்டாக்கிவிடுவதுண்டு. 35 வயதைக் கடந்த பெண்கள் ஓராண்டு காத்திராமல் ஆறு மாதத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நான் வேண்டுவது, முதல் நாளிலேயே இருவருக்கும் சீட்டு எழுதப்பட வேண்டும் என்பதே.

மற்றொன்றையும் சுகாதாரத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். மாதிரி தருவதற்கென்று தனி அறை இல்லாத மருத்துவமனைகளில், வரும் ஆணிடம் குப்பியைக் கொடுத்துப் பொதுக் கழிவறையைக் காட்டுகிறோம். வெளியே கதவைத் தட்டுகிறார்கள். பிறகு வரிசையில் நிற்பவர்களின் கண் முன்னே குப்பியை ஏந்தி வர வேண்டும். வெறும் குப்பியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆய்வகத்தை ஒட்டி, தாழ்ப்பாளும் கைகழுவும் தொட்டியும் உள்ள ஒரு சிறு அறையும், மாதிரியை உள்ளிருந்தே வாங்கிக்கொள்ள ஒரு சாளரமும் அமைக்கப் பெரும் நிதி தேவைப்படாது.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர்,
திருச்சிராப்பள்ளி.