பெட்டியின் அளவு மாறியும் சைவக் குறி மாறவில்லை: மென்பொருளின் புதிய பதிப்பு பற்றிய புகார்

அனுப்புநர்:
பெட்டி வடிவமைப்புப் பிரிவு,
கார்ட்டன் அச்சகம், சிவகாசி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
பேக்கேஜிங் வடிவமைப்பு மென்பொருள் நிறுவனம்.

பொருள்: அளவை ஒட்டி மாறவேண்டிய குறியீடுகள் புதிய பதிப்பில் தவறான அளவிலும் இடத்திலும் விழுவது குறித்து.

ஐயா,

வணக்கம். மசாலாப் பொடி, சத்துமாவு போன்ற உணவுப் பொருட்களுக்கான ரிவர்ஸ் டக் பெட்டிகளை (மேல், கீழ் மூடிகள் எதிரெதிர்ப் பக்கமாகச் செருகப்படும் அட்டைப்பெட்டிகள்) உங்கள் மென்பொருளில்தான் வரைகிறோம். டெம்ப்ளேட் ஒன்றுதான். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று வேரியபிள்களை (மாறும் மதிப்புகளை) மாற்றினால் பெட்டியின் கோடுகளோடு சைவக் குறி, பார்கோடு, அட்டையின் இழை ஓடும் திசையைக் காட்டும் கிரெயின் அம்பு எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். முந்தைய பதிப்பில் மாறின. புதிய பதிப்பில் கோடுகள் சரியாக வருகின்றன, குறியீடுகள் வருவதில்லை. திரையில் ஓர் எச்சரிக்கைகூட இல்லாததால், அச்சு பிளேட் போட்ட பிறகே பிழை கண்ணில் படும் அபாயம் இருக்கிறது.

முதலில் சைவக் குறி. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிளிங் விதிகளின்படி, பச்சை வட்டத்தின் குறைந்தபட்ச விட்டம் முகப்புப் பேனலின் பரப்பைப் பொறுத்தது. 100 சதுர செ.மீ. வரை 3 மி.மீ., அதற்கு மேல் 500 வரை 4, 2500 வரை 6, அதையும் தாண்டினால் 8 மி.மீ. வட்டத்தைச் சுற்றிய சதுரத்தின் பக்கம் விட்டத்தைப் போல இருமடங்கு இருக்க வேண்டும். இதற்காக டெம்ப்ளேட்டில் நான்கு வேரியபிள்கள் வைத்திருக்கிறோம். பரப்பு என்பது நீளத்தை உயரத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தது. விட்டம் பரப்பிலிருந்தும், சதுரப் பக்கம் விட்டத்திலிருந்தும் வருகின்றன. பேனலின் வலது கிரீஸிலிருந்து (மடிப்புக் கோட்டிலிருந்து) குறியின் மையம் நிற்கவேண்டிய தூரம், சதுரப் பக்கத்தில் பாதியோடு 5 மி.மீ. கூட்டியது.

நீங்களே செய்து பார்க்கலாம். 60 × 35 × 120 மி.மீ. பெட்டியைத் திறந்தால் பரப்பு 72, வட்டம் 3, சதுரம் 6. சரி. அளவை 95 × 50 × 150 ஆக்கி ரீபில்டு (வரைபடத்தை மறுபடி கணக்கிடும் பொத்தான்) ஒருமுறை அழுத்துங்கள். பரப்பு 142.5 என்று மாறும், வட்டம் 3 மி.மீ.யிலேயே நிற்கும். இரண்டாம் முறை அழுத்தினால் வட்டம் 4 ஆகும், சதுரம் பழைய 6. மூன்றாம் முறையில் சதுரம் 8 ஆகும். நான்காம் முறைதான் மையம் தன் இடத்துக்கு வந்து சேரும்.

காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டோம். எங்கள் வேரியபிள் பட்டியலில் மையத் தூரம் மேலேயும் பரப்பு கடைசியிலும் இருந்தன. வரிசையைத் தலைகீழாக்கியதும் ஒரே ரீபில்டில் எல்லாம் சரியாகிவிட்டது. அதாவது, எந்த வேரியபிள் எதைச் சார்ந்தது என்று பார்க்காமல், பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை மட்டும் கணக்கிட்டு முடித்துக்கொள்கிறது புதிய பதிப்பு. "ரீபில்டை இருமுறை அழுத்துங்கள்" என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் அனுப்பியது. அதன்படி செய்தால் 4 மி.மீ. வட்டம் 6 மி.மீ. சதுரத்துக்குள் உட்காரும். விதிப்படி அது சைவக் குறியே அல்ல.

சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) பட்டியல் கொடுத்து பல அளவுகளை ஒன்றாக ஓட்டும்போது இருமுறை அழுத்தவும் வழியில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் ரீபில்டு ஒருமுறைதான். ஆகவே ஒவ்வொரு பெட்டியும் முந்தைய பெட்டியின் விட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கினால் வட்டம் தேவைக்கு மேல் பெரிதாக நிற்கும், குறைந்தபட்ச விட்டத்தில் விதி மீறல் இல்லை. சிறியதிலிருந்து ஏறினால்தான் வட்டம் குறைந்துபோகிறது. உங்கள் சோதனைகளில் இது தப்பியிருந்தால் இறங்குவரிசையில் மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம்.

அடுத்தது, குறியின் இடம். பழைய பதிப்பில் சேமித்த டெம்ப்ளேட்டைப் புதியதில் திறந்தால் குறிக்கும் கிரீஸ் கோட்டுக்கும் இருந்த பிணைப்பு அறுந்து, வெறும் எக்ஸ், ஒய் எண்களாகிவிடுகிறது. விரித்த பெட்டியின் இடது ஓரத்திலிருந்து பேஸ்டிங் ஃபிளாப் (ஒட்டும் மடல்) 15, பின் பேனல் 60, பக்கவாட்டு 35 என்று கூட்டினால், சிறிய பெட்டியின் முகப்பு 110இல் தொடங்கி 170இல் முடியும், குறியின் மையம் 162இல் இருக்கும். 95 × 50 பெட்டியில் முகப்பு 160இல் தொடங்கி 255இல் முடிகிறது, மையம் 246இல் வர வேண்டும். அட்டைத் தடிமனுக்கான கூட்டலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிணைப்பு அறுந்த குறி 162இலேயே நின்றுவிடுவதால் 160இல் உள்ள கிரீஸ் கோடு அதன் குறுக்கே ஓடுகிறது. பொருளின் பெயருக்கு அருகில் இருக்கவேண்டிய குறி, முகப்பில் ஒரு பகுதியும் பக்கவாட்டில் மீதியுமாக அச்சாகும். புதிதாக வைக்கும் குறிகளில் இந்தக் கோளாறு இல்லை, பழைய கோப்பை மாற்றித் தரும் இடத்தில்தான் பிழை இருக்கிறது.

பார்கோடு விஷயம் இப்படி. இஏஎன்-13 முழு அளவில் இருபுற வெற்றிடத்தோடு 37.29 மி.மீ. அகலம். 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. 35 மி.மீ. பக்கவாட்டில் இருபுறமும் 5 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 25, எங்கள் சூத்திரத்தின் விடை 0.67. குறைந்தபட்ச அளவுக்கான உள்ளீட்டுக் கட்டத்தில் 0.80 என்று கொடுத்திருந்தும் மென்பொருள் அதை மதிக்கவில்லை. கையால் 0.67 என்று தட்டினால் மறுக்கிறது, அதே எண் சூத்திரத்திலிருந்து வந்தால் விட்டுவிடுகிறது. வரம்பு என்றால் இரண்டுக்கும் வரம்புதான். வரம்பில் நின்று எச்சரித்திருந்தால் பார்கோடை 90 டிகிரி திருப்பியிருப்போம். 80 சதவீதத்தில் அதன் உயரம் 20.74 மி.மீ.தான், 25க்குள் தாராளமாக அடங்கும்.

இன்னொன்றையும் உடனே கவனியுங்கள். டை செய்பவருக்கான டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பை எடுக்கும்போது குறியீடு உடைந்து, அதன் கோடுகள் அச்சு வகையை இழந்து வெட்டுக்கோடாகப் போகின்றன. டை (அட்டையை வெட்டும் அச்சு) செய்பவர் கோட்டின் வகையைப் பார்த்துத்தான் கட்டிங் ரூல் எனும் வெட்டுத் தகட்டை வளைப்பார். சைவக் குறியின் வட்டத்துக்கும் பிளேடு வைத்துவிட்டால் அந்த டை வீண்.

நாங்கள் கேட்பவை இவை. வேரியபிள்களைச் சார்பு வரிசையில் கணக்கிடும் திருத்தத்தை 15 நாட்களுக்குள் தர வேண்டும். பழைய டெம்ப்ளேட்டில் பிணைப்பு அறுந்தால் திறக்கும்போதே எந்தக் குறி என்று பட்டியலிட வேண்டும். வரம்புச் சோதனை சூத்திரத்துக்கும் செல்ல வேண்டும், குறியீட்டுக் கோடுகள் எந்த ஏற்றுமதியிலும் வெட்டுக்கோடாகக் கூடாது. அதுவரை, புதிய பதிப்புக்கு மாறியதும் நீங்கள் முடக்கிய முந்தைய பதிப்பின் உரிமத்தை அதே கணினிகளில் மீண்டும் திறந்துவிடுங்கள். திருத்தம் வரும்வரையான நாட்களுக்குரிய பராமரிப்புக் கட்டணத்தை அடுத்த ஆண்டுக் கணக்கில் கழித்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு அளவுகளின் டெம்ப்ளேட், சிஎஸ்வி பட்டியல், நான்கு ரீபில்டுகளின் திரைப்பிடிப்புகள், பிழையான டிஎக்ஸ்எஃப் ஆகியவற்றை இணைத்துள்ளோம். உங்கள் பொறியாளர் பேச விரும்பினால் வேலை நாட்களில் எந்த நேரமும் திரையைப் பகிர்ந்து காட்டத் தயார்.

இப்படிக்கு,
பெட்டி வடிவமைப்புப் பிரிவினர்